மைக்ரேஷன்: பெயர்ப்பா, குடிபெயர்வா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சி.வி.எஸ். என்னும் பழைய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து (கோப்புகளில் யார், எப்போது, என்ன திருத்தினார் என்ற வரலாற்றைச் சேமிப்பது) கிட் என்னும் புதிய மென்பொருளுக்குப் பயனர்களை அழைத்து வருவதற்கான வழிகாட்டியைத் தமிழில் எழுதும்போது, மைக்ரேஷன் (ஓரிடம் விட்டு இன்னோரிடம் போதல்) என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்று இந்த இழையில் பேசி வருகிறோம். இதுவரை மாற்றம், இடப்பெயர்ச்சி, புலம்பெயர்வு, வலசை, குடியேற்றம் என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தையும் வரைவில் இட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் பொருந்தும் சொல் அடுத்த பத்தியிலேயே இடறுகிறது. நாம் ஒரே சொல்லைத் தேடுவதால்தான் இந்த இடறல் என்பது என் எண்ணம். களஞ்சியத்தை, அதாவது திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் திருத்த வரலாறும் உள்ள சேமிப்பை, எடுத்துச் செல்வது ஒரு வேலை, அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த மனிதர்கள் புதிய இடத்துக்கு வந்து சேர்வது வேறொரு வேலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் நாமும் ஒன்றோடு நின்றுவிட வேண்டியதில்லை.

வந்த சொற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றம் என்பது ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்துவதற்கும் நாம் நாள்தோறும் எழுதும் சொல். பதிப்புக் கட்டுப்பாட்டைப் பற்றிய நூலில் அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். இடப்பெயர்ச்சி இயற்பியல் பாடநூலில் நிலைபெற்றுவிட்டது. அதோடு, குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்னும் வழக்கினால் பெயர்ச்சி என்றாலே குறித்த நாளில் தானாக நடந்தேறுவது என்ற எண்ணம் வருகிறது. நம் வேலையில் எதுவும் தானாக நடப்பதில்லை. புலம்பெயர்வு ஈழத்தமிழரின் நெடிய துயரத்தோடு பிணைந்த சொல். ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்கு வருவதை அச்சொல்லால் குறிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குடியேற்றம் போய்ச் சேர்ந்த இடத்தை மட்டுமே காட்டுகிறது. விட்டுவந்த இடம் அதில் இல்லை.

வலசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை முன்மொழிந்த நண்பரும் என்னைப் போலவே பெங்களூரில் இருப்பவர். இங்கே கன்னடத்தில் வலசெ என்றால் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போவது. செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் சொல். அதனால் இங்குள்ள தமிழரின் காதுக்கு அது இயல்பாகவே ஒலிக்கிறது. ஆனால் மதுரையிலோ தஞ்சையிலோ இருக்கும் வாசகருக்கு வலசை என்றால் பறவைகள்தாம் நினைவுக்கு வரும், வலசை போன பறவை பருவம் மாறினால் திரும்பிவிடும். சி.வி.எஸ்ஸை விட்டு வருபவர் திரும்பிப் போகக் கூடாது என்பதுதான் நம் வழிகாட்டியின் நோக்கமே. அழகான சொல்லாக இருந்தும் அதனை விடவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தமிழில் பெயர்தல், பெயர்த்தல் என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியே இருக்கின்றன. வளர்வது வளர்ச்சி, வளர்ப்பது வளர்ப்பு என்பது போல, தானே பெயர்வது பெயர்வு, இன்னொருவர் பெயர்ப்பது பெயர்ப்பு. என் முன்மொழிவு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது: களஞ்சியத்துக்குப் பெயர்ப்பு, பயனருக்குக் குடிபெயர்வு.

களஞ்சியப் பெயர்ப்பு என்னும்போது மொழிபெயர்ப்பு நினைவுக்கு வருவதை நான் ஒரு நன்மையாகவே கருதுகிறேன். சி.வி.எஸ். ஒவ்வொரு கோப்புக்கும் 1.1, 1.2 என்று தனித்தனி எண் இட்டு வரலாற்றைச் சேமிக்கிறது. ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளைத் திருத்தி அனுப்பியிருந்தாலும், அவை பத்தும் ஒரே வேலையின் பகுதிகள் என்ற செய்தி அதன் நிலையான வெளியீடுகளில் எங்கும் பதிவாவதில்லை. கிட்டிலோ ஒவ்வொரு பதிவும் (கமிட்) திட்டம் முழுமையின் ஒரு நிலை. ஆகவே சி.வி.எஸ்டூகிட் போன்ற கருவிகள், திருத்தியவர் பெயரும் குறிப்பும் ஒன்றாகவும் நேரம் அருகருகேயும் இருக்கும் திருத்தங்களைச் சேர்த்து, இவை ஒரே வேலையாக இருக்க வேண்டும் என்று ஊகித்துத்தான் வரலாற்றை எழுதுகின்றன. மூலத்தில் சொல்லாமல் விட்டதை இலக்கு மொழி கேட்கும்போது மொழிபெயர்ப்பாளர் செய்வதும் இதைத்தானே. மாற்றம் என்றோ நகர்த்தல் என்றோ சொன்னால், பெட்டியைத் தூக்கி வைப்பது போல இந்த வேலை எளிதாகத் தோன்றிவிடும்.

நாங்கள் சிலர் சேர்ந்து பராமரித்த ஒரு சிறிய தமிழாக்கத் திட்டத்தைப் பெயர்த்தபோது இதை நேரில் கண்டேன். 2003 முதல் எழுதிய திருத்தக் குறிப்புகளில் பாதி திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியாக்கத்திலும் (கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) மீதி யூனிகோடிலும் இருந்தன. எந்தக் குறிப்பு எந்தக் குறியாக்கம் என்பதை சி.வி.எஸ். குறித்து வைக்கவில்லை. கிட்டோ, வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறிப்புகளை யூனிகோடின் யூ.டி.எஃப்-8 வடிவம் என்றே எடுத்துக்கொள்ளும். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். 'கொடு' என்று எழுதினால் கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் அதன்பின்னும் சேமிக்கப்படும். யூனிகோடில் ககரம்தான் முதலில் வரும். அந்த வரிசையைத் திருத்தாமல் பெயர்த்த முதல் முயற்சியில், குறிப்புகளில் கொம்புகள் எல்லாம் தம் எழுத்தை விட்டு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்றாம் முயற்சியில்தான் படிக்க முடிந்தது. 'சந்திப்பிழை நீக்கம்' என்று யாரோ ஒருவர் அன்று எழுதிய இரண்டு சொற்களைச் சரியாகத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்டான நிறைவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் பெயர்ப்பு முடிந்த அன்று எங்கள் பயனர்கள் யாரும் குடிபெயர்ந்திருக்கவில்லை. அல்சூரில் என் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மெய்ப்புத் திருத்துநர் ஐயா ஒருவர் அத்திட்டத்தில் மிகுதியாக உழைத்தவர். கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டையை ஒட்டியிருப்பார். அப்டேட் (மற்றவர் திருத்தியதை வாங்குவது), கமிட் (தாம் திருத்தியதைச் சேர்ப்பது) என்று தம் கையால் தமிழில் இரண்டே வரிகள் எழுதிய அட்டை. கிட்டுக்கு வந்த பின்னும் அந்த இரண்டு வரிகளின்படியே வேலை செய்தார். சி.வி.எஸ்ஸில் கமிட் கொடுத்தால் திருத்தம் அப்போதே எல்லாருக்கும் பொதுவான வழங்கியில் (சர்வர்) சேர்ந்துவிடும். கிட்டில் அது அவரவர் கணினியில்தான் பதிவாகும். புஷ் என்று தனியே அனுப்பினால்தான் மற்றவருக்குத் தெரியும். மூன்று வாரங்கள் அவர் திருத்தியது எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை, அவரோ, "நான் ஒப்படைத்துவிட்டேனே தம்பி, நீங்கள் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

அந்த 'ஒப்படைத்துவிட்டேனே' என்ற சொல் அவருக்கு எங்கள் பழைய வழிகாட்டியிலிருந்து கிடைத்தது. கமிட் என்பதற்கு ஒப்படைத்தல் என்று அந்நாளில் எழுதியவர்களில் நானும் ஒருவன். சி.வி.எஸ்ஸுக்கு அது மிகச் சரியான சொல், ஏனென்றால் அங்கே உண்மையாகவே வழங்கியிடம் கொடுத்துவிடுகிறோம். கிட்டில் அதே சொல்லை அப்படியே வைத்தது எங்கள் தவறு. புதிய வழிகாட்டியில் கமிட்டுக்குப் பதிதல் என்றும், புஷ் என்பதற்கு அனுப்புதல் என்றும் மாற்றும்படி வேண்டுகிறேன். ஒப்படைத்தல் என்பது சி.வி.எஸ்ஸைப் பற்றிய பகுதியில் மட்டும் இருக்கட்டும்.

குடிபெயர்வு என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அந்த அட்டைதான் காரணம். வீடு மாறுகிறவர் சாமான்களை ஒரே நாளில் கொண்டுவந்துவிடலாம். பால்காரர் யார், மளிகைக் கடை எது என்று புதிய தெருவில் பழகிக்கொள்ளப் பல வாரங்கள் ஆகின்றன. மும்பையிலிருந்து எழுதிய அம்மையார் 'பயனர்களைப் பெயர்த்தல்' என்றே எல்லா இடத்திலும் ஒருசீராக எழுதலாம் என்று கூறியிருந்தார். ஒருமைப்பாடு வேண்டும் என்ற அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் மரத்தையோ களஞ்சியத்தையோ பெயர்க்கலாம், ஆளைப் பெயர்க்க முடியாது. வழிகாட்டியின் தலைப்பே அப்படி இருந்தால், நிர்வாகி ஒரு கட்டளை கொடுத்தவுடன் பயனர்கள் வந்துவிடுவார்கள் என்ற எண்ணம் உருவாகும். 'பயனர் குடிபெயர்வு' என்றால் பெயர வேண்டியவர் பயனர், நாம் உடன் நின்று உதவுகிறவர் என்பது இலக்கணத்திலேயே வந்துவிடுகிறது. குடி என்றால் மதுப்பழக்கம் என்று கொள்வார்களே என ஒருவர் ஐயுற்றிருந்தார்; குடியிருப்பு, குடும்பம், குடிமக்கள் என்று நாள்தோறும் சொல்லும் நமக்கு அந்த ஐயம் தேவையில்லை.

இடையில் எழுந்த இன்னொரு கேள்விக்கும் என் விடை: சி.வி.எஸ்ஸைக் 'காலாவதியானது' என்றோ 'வழக்கொழிந்தது' என்றோ எழுத வேண்டாம். அதன் நிலையான வரிசையில் கடைசி வெளியீடான 1.11.23 வந்தது 2008-இல் என்பது உண்மைதான்; ஆனால் ஓப்பன்பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத் திட்டம் இன்றும் தன் மூலநிரலை அதிலேயே வைத்திருக்கிறது. 'பழைய' என்ற எளிய சொல் போதும்.

இரண்டு முறை இடம் மாறிய திட்டங்களுக்கும் இச்சொற்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். ஜி.சி.சி. என்னும் நிரல்மாற்றி (கம்பைலர்) திட்டம் 2005-இல் சி.வி.எஸ்ஸை விட்டு சப்வெர்ஷன் என்னும் இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கும், 2020 ஜனவரியில் அங்கிருந்து கிட்டுக்கும் வந்தது. சப்வெர்ஷன் சி.வி.எஸ்ஸின் கட்டளைகளையே பெரிதும் ஒத்திருந்ததால், முதல் முறை பெயர்ப்பு பெரிது, குடிபெயர்வு சிறிது. இரண்டாம் முறை இரண்டுமே பெரிது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை என்னால் எழுதியிருக்க முடியாது.

மூன்றாம் இயலை 'களஞ்சியப் பெயர்ப்பு' என்றும், நான்காம் இயலைப் 'பயனர் குடிபெயர்வு' என்றும் பிரித்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். நான்காம் இயலின் முதல் பக்கத்தில் சுவரில் ஒட்டத்தக்க அட்டை ஒன்றை வைக்கிறேன். அதில் எடு (மற்றவர் திருத்தங்களைக் கொண்டுவருதல்), பதி, அனுப்பு என்று மூன்றே வரிகள். 'எடு' என்பதற்கு மாறாகப் 'பெறு' என்று வைக்கலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஐயாவிடமும் இரண்டையும் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு