‘ஷாடோஸ்’ கடைசி அட்டை பொய்தான், இதில் என்ன சந்தேகம்?

துண்டுபிலிம்:
வெண்திரை நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “அமெரிக்க இயக்குநர் ஜான் கஸாவெட்டிஸ் ஒரு வரிகூட எழுதாமல், நடிகர்கள் அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசி நடிக்கும் மனோதர்மத்தை மட்டும் நம்பி ‘ஷாடோஸ்’ படத்தை எடுத்தார். ஸ்டூடியோக்களைச் சாராத அமெரிக்கச் சுயாதீன சினிமா 1959இல் அப்படித்தான் பிறந்தது” என்கிறார். ஆளாளுக்கு ‘அருமை’ என்று கீழே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒருவராவது சரிபார்க்க வேண்டாமா?

‘ஷாடோஸ்’ இரண்டு உண்டு. 1958 கடைசியில் நியூயார்க் பாரிஸ் தியேட்டரில் நள்ளிரவில் காட்டியது ஒன்று. அது இயக்குநருக்கே திருப்தியில்லை. அடுத்த வருடம் நடிகர்களை மறுபடி கூப்பிட்டு, பெரிய பகுதியைத் திரும்ப எடுத்து, 1959 நவம்பர் 11 அன்று சினிமா 16 திரைப்படச் சங்கத்தில் காட்டியது இன்னொன்று. நாம் எல்லோரும் பார்த்திருப்பது இந்த இரண்டாவதைத்தான். எழுத்தாளர் ராபர்ட் ஆலன் ஆர்தரோடு உட்கார்ந்து எழுதிய காட்சிகள் இதில் இருக்கின்றன என்று திரைப்பட ஆய்வாளர் ரே கார்னி பல வருடம் தோண்டிச் சொல்லியிருக்கிறார். ஆனால் படம் முடிந்ததும் திரையில் என்ன எழுத்து அட்டை வருகிறது? “நீங்கள் இப்போது பார்த்த படம் ஓர் இம்ப்ரொவைசேஷன்.” அதாவது மனோதர்மம். எழுதி எடுத்துவிட்டு எழுதவில்லை என்று போட்டால் அதற்குப் பெயர் பொய்.

வெண்திரை:
என் பெயரைப் போட்டே தனி இழை தொடங்கிவிட்டீர்களா? சரி, பதில் சொல்கிறேன்.

அந்தப் படம் பிறந்தது நியூயார்க்கில் கஸாவெட்டிஸும் பர்ட் லேனும் நடத்திய நடிப்புப் பட்டறையில். ஒரு பயிற்சிக்காகச் செய்து பார்த்த சூழல்தான் வளர்ந்து கதையாயிற்று. லெலியா, பென், ஹியூ என்று பாத்திரங்களுக்கு நடிகர்களின் சொந்தப் பெயர்களே இருக்கின்றன. அங்கே முளைத்ததைப் பிறகு தாளில் குறித்துக்கொண்டால் அது மனோதர்மம் இல்லை என்றாகிவிடுமா? கச்சேரியில் ராகம் பாடுகிறவர் வீட்டில் சாதகம் செய்யாமலா மேடை ஏறுகிறார்? அட்டை உண்மைதான்.

துண்டுபிலிம்:
ஆலாபனையையும் கீர்த்தனையையும் குழப்புகிறீர்கள். சாதகம் செய்துவிட்டு ஆலாபனை பாடலாம், யாரும் தடுக்கவில்லை. சாகித்தியத்தைத் தாளில் எழுதி வைத்துப் பாடிவிட்டு, கடைசியில் மைக்கைப் பிடித்து “இப்போது கேட்டது மனோதர்மம்” என்று எந்த வித்வான் அறிவித்திருக்கிறார்? ஒருவரைக் காட்டுங்கள்.

அந்தக் காலத்திலேயே இதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். விமர்சகர் ஜோனாஸ் மேக்கஸ். ‘பிலிம் கல்ச்சர்’ இதழின் முதல் சுயாதீனத் திரைப்பட விருதை 1959 ஜனவரியில் ‘ஷாடோஸ்’ படத்துக்குக் கொடுத்தவரே அவர்தான். கொடுத்தது முதல் வடிவத்துக்கு. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, இது இன்னொரு ஹாலிவுட் படம்தான் என்று கொதித்து எழுதினார். அட்டை பொய் என்று நான் மட்டும் சொல்லவில்லை.

கோனித்தீவு:
நீங்கள் இருவரும் 1959ஐச் சுற்றியே வருகிறீர்கள். மாரிஸ் எங்கல், ரூத் ஆர்கின், ரே ஆஷ்லி மூவரும் ‘லிட்டில் ஃபியூஜிடிவ்’ எடுத்தது 1953இல். அண்ணனைக் கொன்றுவிட்டதாக நம்பி, கோனித் தீவுக்கு ஓடிப்போகும் புரூக்ளின் சிறுவனின் கதை. தோளில் மாட்டிக்கொள்ளும்படி சிறிதாகச் செய்துகொண்ட 35 மி.மீ. கேமராவோடு எங்கல் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். கடற்கரையில் இருந்தவர்களுக்குப் படம் எடுக்கிறார்கள் என்றே தெரியாது. வெனிஸில் வெள்ளிச் சிங்கம் வாங்கிய படம். பிரெஞ்சுப் புதிய அலைக்கு வழி காட்டியவர் என்று எங்கலைப் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவே சொல்லியிருக்கிறார். இது பிறப்பு இல்லையென்றால் எதுதான் பிறப்பு?

வெண்திரை:
அதில் வசனம் முழுக்கப் பின்னால் சேர்த்தது. ‘ஷாடோஸ்’ நடிகர்களிடம் கேட்கும் அந்த மூச்சுத் திணறல் அதில் இருக்கிறதா?

கோனித்தீவு:
அப்படியென்றால் போருக்குப் பின் இத்தாலியில் தெருவில் இறங்கி எடுத்த நியோரியலிசப் படங்களையும் தூக்கி எறியுங்கள். இத்தாலியர்கள் பெரும்பாலும் குரலைப் பின்னால்தான் சேர்த்தார்கள். அந்தப் பையன் குதிரைச் சவாரிக்குக் காசு சேர்க்கக் கடற்கரை முழுக்கக் காலி பாட்டில் பொறுக்குகிற காட்சியைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

துண்டுபிலிம்:
கோனித்தீவு, உங்கள் படம் நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் இழை அட்டையைப் பற்றியது. வெண்திரை இன்னும் பதில் சொல்லவில்லை. எழுதினாரா, எழுதவில்லையா?

கரிசல்வாசகி:
இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். 1953 என்கிறார் ஒருவர், 1959 என்கிறார் இன்னொருவர். கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லையே?

அடிமைகளாக இருந்தவர்களின் மகன். தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதவர். தன் நாவல்களைத் தானே அச்சடித்து வீடு வீடாக விற்றவர். ‘தி ஹோம்ஸ்டெடர்’ நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி கேட்டபோது, நானே இயக்குவேன் என்றார். பேச்சு முறிந்தது. விவசாயிகளிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டி, 1919இல் சிகாகோவில் படத்தை வெளியிட்டார். அதன்பின் கிட்டத்தட்ட 30 வருடம், 40 படங்களுக்கு மேல். படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தியேட்டர்காரர்களிடம் தானே பேசி ஓட்டினார். நீங்கள் ஓர் அட்டையை வைத்து அடித்துக்கொள்கிறீர்கள்.

வெண்திரை:
மிஷோவை மதிக்கிறேன். ஆனால் அவர் டிக்கெட் விற்பதற்காகப் படம் எடுத்தவர். மெலோடிராமா, குடும்பச் சண்டை, பாட்டு, ஆட்டம் என்று சந்தைக்குத் தேவையானதைக் கொடுத்தார். கஸாவெட்டிஸ் சினிமாவின் மொழியையே மாற்றினார். அது வேறு, இது வேறு.

கரிசல்வாசகி:
டிக்கெட் விற்றால் சுயாதீனம் போய்விடுமா? உங்கள் கஸாவெட்டிஸ் 1957இல் ஜீன் ஷெப்பர்டின் வானொலி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, மக்களைப் பற்றிய படம் வேண்டுமானால் பணம் அனுப்புங்கள் என்று கேட்டார். இரண்டாயிரம் டாலர் சொச்சம் வந்தது. நேயர்கள் அனுப்பினால் அது கலை, விவசாயி பங்கு வாங்கினால் வியாபாரமா? எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ 1920இல் வந்தது. கும்பல் கொலையைத் திரையில் காட்டினார். முந்தைய வருடம்தான் சிகாகோவில் இனக் கலவரம் நடந்திருந்தது. படத்தை விட்டால் மறுபடி வெடிக்கும் என்று அங்கே தணிக்கையில் இழுத்தடித்தார்கள். அந்தப் படம் அமெரிக்காவில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கடைசியில் ஸ்பெயினில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் கிடைத்தது. ‘ஷாடோஸ்’ படத்தில் கறுப்பினக் குடும்பத்துப் பெண்ணாக வருகிற லெலியா கோல்டோனி வெள்ளையர். இதைப் பற்றி உங்கள் நீண்ட பதிவில் ஒரு வாக்கியமாவது எழுதினீர்களா?

துண்டுபிலிம்:
கரிசல்வாசகி சொல்வது எல்லாம் சரி. ஆனால் அவரும் அட்டையை விட்டுவிட்டார். பிறப்பு எந்த வருடம் என்று நான் கேட்கவே இல்லை. 1919 என்றாலும் 1959 என்றாலும் அட்டை பொய்தான்.

பார்க்சிட்டி:
நான் ஒன்று சொல்லலாமா? சுயாதீன சினிமா என்று மக்களுக்குத் தெரிந்ததே 1989இல் சன்டான்ஸ் விழாவில் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க்கின் ‘செக்ஸ், லைஸ் அண்ட் வீடியோடேப்’ படம் பரிசு வாங்கிய பிறகுதான். 12 லட்சம் டாலரில் எடுத்த படம் அதே வருடம் பிரான்சின் கான் விழாவில் தங்கப் பனை விருதும் வாங்கியது. அதற்கு முன் இருந்ததெல்லாம் திரைப்படச் சங்கங்களுக்குள் பார்த்த படங்கள். நீங்கள் சொல்லும் படங்களை எத்தனை பேர் பார்த்தார்கள்?

துண்டுபிலிம்:
முதலில் விழாவின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். அதிகாரபூர்வமாகச் சன்டான்ஸ் திரைப்பட விழா என்று பெயர் மாறியது 1991இல். 1978இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கிய விழா அது.

கரிசல்வாசகி:
எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் அளவு என்றால், சார்ல்ஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படமே இல்லையென்று ஆகிவிடும். கல்லூரி ஆய்வுப் படமாக, பத்தாயிரம் டாலருக்கும் குறைவாக எடுத்து 1977இல் முடித்தார். பாட்டு உரிமைக்குப் பணம் கட்ட முடியாமல் 2007 வரை தியேட்டருக்கு வரவில்லை. முப்பது வருடம்! நீங்கள் பார்க்கவில்லை என்பதற்காக அவர் எடுக்காமல் போய்விட்டாரா?

பார்க்சிட்டி:
நான் மக்களுக்குத் தெரிந்தது என்றுதான் எழுதினேன். வார்த்தையைத் திரிக்காதீர்கள்.

இருட்டுக்கொட்டாய்:
இடையில் ஒரு கேள்வி. ‘சுயாதீன’ என்று ஏன் எழுதுகிறீர்கள்? ‘சுயேச்சை’ என்ற சொல் இல்லையா?

வெண்திரை:
சுயேச்சை என்றால் தேர்தலில் ஏதோ ஒரு சின்னத்தில் நிற்பவர்தான் நினைவுக்கு வருவார். சுயாதீனம் நிலைத்துவிட்ட சொல்.

இருட்டுக்கொட்டாய்:
யார் நிலைநிறுத்தியது? நீங்கள் நாலு கட்டுரையில் எழுதினால் நிலைத்துவிடுமா? தேர்தலில் யாரையும் சாராமல் தனியாக நிற்பவர் சுயேச்சை என்றால், ஸ்டூடியோவைச் சாராமல் நிற்பவரும் சுயேச்சைதானே. பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கோனித்தீவு:
சொல்லைப் பற்றிப் பேசினால், ‘இண்டிபெண்டண்ட்’ என்ற சொல்லே 1909 வாக்கில் புழங்கிவிட்டது. எடிசனின் காப்புரிமைக் கூட்டணிக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று கார்ல் லாம்லி வகையறா முறுக்கிக்கொண்டு நின்றபோது வந்தது. அந்த லாம்லிதான் 1912இல் யுனிவர்சலைத் தொடங்கினார்.

கரிசல்வாசகி:
அப்படியென்றால் யுனிவர்சலும் சுயாதீனமா? நன்றாக இருக்கிறது.

துண்டுபிலிம்:
எல்லோரும் வேறு எங்கோ போய்விட்டீர்கள். திரும்ப அட்டைக்கு வருகிறேன்.

முதல் வடிவத்தின் பிரதி பல காலம் கிடைக்கவில்லை. அது நியூயார்க் சுரங்க ரயிலில் யாரோ மறந்து விட்டுப்போய், தொலைந்த பொருள்களோடு ஏலத்தில் போய், ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் இருந்திருக்கிறது. கார்னி அதைத் தேடிப் பிடித்தார், 2004இல் ராட்டர்டாம் விழாவில் காட்டினார். உடனே கஸாவெட்டிஸின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ் தரப்பிலிருந்து எதிர்ப்பு. இன்றுவரை நீங்களும் நானும் அதைக் கடையில் வாங்க முடியாது. மனோதர்மம் எவ்வளவு, எழுத்து எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்க விடாமல் வைத்துக்கொண்டு, அட்டையை மட்டும் நம்பச் சொல்கிறார்கள். எனக்கு வருகிற கோபமெல்லாம் இதனால்தான்.

வெண்திரை:
கார்னி சொல்வதை மட்டும் வேதமாக எடுத்துக்கொள்கிறீர்கள். கஸாவெட்டிஸ் இயக்குநர். தன் படத்தின் இறுதி வடிவம் எது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குத்தான். இதற்காகத்தானே ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தார்? முதல் வடிவம் வேண்டாம் என்று அவரே ஒதுக்கினார். இரண்டாவதன் கீழே அட்டையைப் போட்டவரும் அவரே. ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸின் இசையோடு சேர்த்து அந்தப் படத்தைப் பாருங்கள். ஜாஸ் வாத்தியக்காரர்கள் தெரிந்த மெட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பிரித்து மேய்கிற விதம்தான் இம்ப்ரொவைசேஷன்.

ஒன்றும் மறக்கவில்லை, துண்டுபிலிம். இயக்குநர் மெல்வின் வான் பீபிள்ஸ் பற்றிய என் கட்டுரையில், அவருடைய ‘ஸ்வீட் ஸ்வீட்பேக்’ படம் முதலில் இரண்டே தியேட்டரில் வெளியானது என்று எழுதியதற்கு, ஆதாரம் கொடு ஆதாரம் கொடு என்று மூன்று நாள் துரத்தினீர்கள். டெட்ராய்ட்டில் ஒன்று, அட்லாண்டாவில் ஒன்று என்று காட்டிய பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துண்டுபிலிம்:
ஆதாரம் கேட்பது குற்றமா? இப்போதும் அதையேதான் கேட்கிறேன். மெட்டு, ஜாஸ் எல்லாம் வேண்டாம். “ஒரு வரிகூட எழுதாமல்” என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியை எடுங்கள் போதும்.

வெண்திரை:
எடுக்க மாட்டேன். அட்டை அங்கேதான் இருக்கிறது.

துண்டுபிலிம்:
அட்டை இருக்கிறது. அது பொய் என்பதுதான் என் பேச்சே.

கரிசல்வாசகி:
மிஷோவைப் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். படித்தவர்கள் மட்டும் வாருங்கள்.

இருட்டுக்கொட்டாய்:
அதிலும் தலைப்பில் ‘சுயாதீன’ என்றுதான் போட்டிருக்கிறீர்கள், அக்கா.