நான்கு லிட்டர் குடித்தும் தலைவலி போகவில்லை, அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. தவறு எங்கே?

சாக்பீஸ் எழுதியது:

வணக்கம். நான் ஆசிரியை, வயது 41. காலை எட்டரைக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் மாலை நான்கு வரை ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போகாது. தாகம் எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் குடிக்காமலே இருந்து பழகிவிட்டேன். மூன்றாவது பீரியடுக்கு மேல் தொண்டை வறண்டு குரல் கம்மும். நான்கு மணிக்கெல்லாம் நெற்றிப் பக்கம் தலைவலி வந்துவிடும். போன மாதம் சிறுநீர்த் தொற்று வந்து எரிச்சல். ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

பயந்துபோய், இனி நாளுக்கு நான்கு லிட்டர் என்று முடிவு செய்தேன். எழுந்ததும் ஒரு லிட்டர், வீடு திரும்பிய பிறகு தூங்கும் வரை மூன்று லிட்டர். பத்து நாள் ஆகிறது. தலைவலி அப்படியே இருக்கிறது, ராத்திரியில் நான்கு தடவை எழுந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. தாகமே இல்லை என்பார். இதயம் பலவீனம் என்று மாத்திரை சாப்பிடுகிறார், அதில் நீர் மாத்திரையும் ஒன்று. நல்லதுதானே என்று அவரையும் என்னோடு சேர்த்துக் குடிக்க வைக்கிறேன். இரண்டு நாளாகச் செருப்பு இறுக்கமாக இருக்கிறது என்கிறார். நான் செய்வது சரியா?

இரவுப்பணி எழுதியது:

சகோதரி, முதலில் அம்மா. 26 வருஷம் வார்டில் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவருக்கு அதிகப்படியாகத் தண்ணீர் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், இன்றே அவருடைய மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். உடம்பில் சேரும் நீரை வெளியேற்றத்தான் அந்த நீர் மாத்திரை. பலவீனமான இதயத்துக்கு அதிகப்படி நீர் சுமை. அது முதலில் காலில் இறங்கும், பிறகு நுரையீரலில் சேரும். செருப்பு இறுகுவதை நாங்கள் வார்டில் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அம்மா சொன்னால் போனுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் அவரை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர்.

வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்குவது உண்மைதான். மற்றவர்களுக்கு நாமே நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இதயமோ சிறுநீரகமோ கெட்டவர்களுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் நீங்கள். குறைந்த நேரத்தில் மொத்தமாகக் குடிப்பதில்தான் கோளாறு. நல்ல சிறுநீரகம்கூட மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றுவது கடினம். அவசரமாக லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து நீர்த்துப் போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்திருந்தது. நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் மாலையில் குடிக்கும் மூன்று லிட்டர் ராத்திரி உங்களை எழுப்புவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாது. மறுநாள் மத்தியானத்துக்கு அது மிச்சம் இருக்காது. தலைவலி வருவதோ மத்தியானத்துக்கு மேல்.

நான்கு லிட்டர் என்று யார் சொன்னார்கள்? அமெரிக்காவின் தேசிய அகாடமி என்ற அறிவியல் அமைப்பு 2004-இல் பெண்களுக்குச் சொன்னது 2.7 லிட்டர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்னது 2 லிட்டர். இரண்டிலும் சாப்பாட்டில் உள்ள நீரும் அடக்கம், சுமாராக ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். டீ, காபியும் கணக்கில் சேரும். அதிகம் வேர்க்கும் நாளில், காய்ச்சலில், பேதியில் கூடுதலாக வேண்டும். மற்றபடி பகலில் மணிக்கு ஒரு தம்ளர் குடித்தாலே போதும்.

கடைசியாக, தொற்று. ஆறு மாதத்தில் இரண்டு தடவை வந்தாலே மருத்துவர்கள் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தண்ணீர் உதவும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குறைவாகக் குடித்து அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த 140 பெண்களில் பாதிப் பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு வந்தது சராசரியாக 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2. ஆனால் குடித்துவிட்டு அடக்கி வைத்தால் பலன் இல்லை. கிருமி வெளியே போவதே சிறுநீரோடுதான்.

கல்லடைப்பு எழுதியது:

எனக்கு இரண்டு தடவை சிறுநீரகக் கல் வந்தது. அந்த வலியை விளக்க முடியாது. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். குடிக்கும் அளவைச் சொல்லவில்லை, போகும் அளவைச் சொன்னார். ஒரு விடுமுறை நாள் முழுக்க அளவு ஜாடியில் பிடித்துப் பார்த்தேன், 900 மில்லிதான் இருந்தது. இது கல் வந்தவர்களுக்கான கணக்கு, எல்லோருக்கும் இவ்வளவு வேண்டாம். உங்களுக்கு நிறம் பார்த்தால் போதும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. காலையில் முதலில் போவது எப்போதும் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி வைட்டமின் மாத்திரை போட்டாலும் பளிச்சென்ற மஞ்சளில் போகும். நான் ஒரு வாரம் அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்ச் எழுதியது:

நானும் வாத்தியார்தான். உங்கள் கேள்வியில் தண்ணீரை விடக் கழிப்பறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நானும் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டாவது பீரியட் முடிந்ததும் அவர் ஐந்து நிமிஷம் என் வகுப்பு வாசலில் நிற்பார். ஐந்தாவது முடிந்ததும் அவர் வகுப்புக்கு நான். தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம், அவர் மறுக்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டே எட்டு வருஷத்தை வீணாக்கினேன். நீங்கள் நாளைக்கே கேளுங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, உங்கள் பதிலைப் படித்த கையோடு மருத்துவருக்குப் போன் செய்தேன். அன்றைக்கே வரச் சொன்னார். அம்மாவுக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர், டீயும் குழம்பும் சேர்த்து. மாத்திரை அளவையும் மாற்றியிருக்கிறார். ஐந்து நாளில் 1.8 கிலோ இறங்கி, செருப்பு பழையபடி கழன்று வருகிறது. எனக்குக் கல்ச்சர் கொடுத்திருக்கிறேன், முடிவு வியாழக்கிழமை. அரை லிட்டர் பாட்டில் ஒன்று இப்போது மேசை மேல் இருக்கிறது, மதியத்துக்குள் ஒரு தடவை நிரப்புகிறேன். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கேட்டபோது, தானும் இதைக் கேட்கத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.