ஆயுத பூசை முதல் காணும் பொங்கல் வரை தெருவின் தூய்மையையும் மரங்களையும் காப்பது எப்படி?

கேள்வி – குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெரு வேளச்சேரியின் தாழ்வான பகுதி ஒன்றில் இருக்கிறது. தனி வீடுகள், இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள், தெருமுனையில் ஒரு சிறிய பிள்ளையார் கோயில், அதையொட்டிச் சில கடைகள். மற்ற மாதங்களில் குப்பை எங்களுக்குப் பெரிய சிக்கலாக இருப்பதில்லை. காலையில் பேட்டரி வண்டி வரும்போது பெரும்பாலோர் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்தே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஆயுத பூசை வந்ததும் இந்த ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. காணும் பொங்கல் முடிந்து சில நாள்கள் ஆகும் வரை அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

முதலில் வாழைக்கன்றுகளும் உடைத்த பூசணிக்காய்களும், அடுத்துத் தீபாவளிப் பட்டாசுக் காகிதம், பிறகு மார்கழி அன்னதானத்தின் காகிதக் குவளைகள், கடைசியில் போகியன்று எரிப்பதற்காக வெளியே வரும் பழைய பாய்களும் டயர்களும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இந்த மாதங்களில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலமாகவும் இருப்பதால், தெருவில் கிடப்பவை யாவும் மழைநீர் வடிகாலின் வண்டல் வடிகட்டித் தொட்டிக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. நல்ல மழை ஒன்று பெய்தால் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கிறது. தெருவில் நிற்கும் வேம்பு, புங்கன் மரங்களிலும் இந்த நாள்களில்தான் ஆணி அடித்து விளக்குச் சரங்களைக் கட்டுகிறார்கள்.

பண்டிகையின் மகிழ்ச்சியைக் குறைக்காமலும், யாருடைய வழிபாட்டையும் தடுக்காமலும் இதை எப்படிச் சீர்செய்யலாம்? வேறு பகுதிகளில் நடைமுறையில் பயன்தந்த வழிகளை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர்

பண்டிகை நாள்களில் குப்பை பெருகுவது உண்மைதான். ஆனால் என் பணிக்காலம் முழுவதும் நான் கண்டது, பெருகுவதைவிடக் கலப்பதே பெரிய தீங்கு என்பதாகும். ஒரு மூட்டை வாழையிலை உரமாகிவிடும். அதே மூட்டைக்குள் இரண்டு கைப்பிடி பட்டாசுக் காகிதமும் ஒரு உடைந்த பல்பும் சேர்ந்துவிட்டால், அது குப்பைமேட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகையால் உங்கள் சங்கத்தின் முயற்சி முழுவதையும் தீபாவளியன்று இரவு, குப்பை கலப்பதற்கு முன்பான நேரத்தில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பட்டாசுக் காகிதம் பார்ப்பதற்கு வெறும் காகிதம்போலத் தோன்றினாலும், அதில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றின் எச்சம் ஒட்டியிருக்கிறது. அதனால் அதை உரக்குழியிலும் சேர்க்கக்கூடாது, எரிக்கவும் கூடாது. சென்னையில் மாநகராட்சி இதைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரமான கழிவுகளைக் கையாளும் நிலையத்துக்கு அனுப்புகிறது. அந்த ஏற்பாடு பயன்பட வேண்டுமானால் நாம் அதைத் தனிச் சாக்கில் கட்டி, பணியாளரிடம் இன்னது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2018ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து தமிழகத்தில் காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் வெடிக்கலாம் என்று அரசு நேரம் ஒதுக்கி வருகிறது. இந்த நேரத்தைத் தெருவார் மதித்தால் எட்டரை மணிக்கெல்லாம் பெருக்கத் தொடங்கிவிடலாம். பனியோ மழையோ இறங்குவதற்குள் காய்ந்த காகிதத்தைப் பெருக்குவது எளிது. நனைந்த பிறகு அது தார்ச்சாலையோடு கூழாக ஒட்டிக்கொள்ளும்; துடைப்பத்துக்கு வராது, மழைத்தண்ணீருக்கு மட்டும் வரும், நேராக வடிகாலுக்குப் போகும். ஒவ்வொரு வீட்டாரும் தம் வாசலைப் பெருக்கி, தெருவில் இரண்டு மூன்று இடங்களில் வைத்த சாக்குகளில் கொண்டுவந்து கொட்டினால் போதும். வெடிக்காமல் கிடப்பவற்றை அந்தச் சாக்கில் போடவே கூடாது. அவற்றை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும்.

இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பின் கம்பியை யாரும் பொருட்படுத்துவதில்லை. குவியலுக்குள் மறைந்து நிற்கும் அந்தக் கம்பி, கையுறையையும் துளைத்துக்கொண்டு பணியாளரின் உள்ளங்கையில் ஏறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாசலில் ஒரு பழைய வாளியில் மணலோ தண்ணீரோ நிரப்பி, எரிந்த கம்பிகளை அதிலேயே போடும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள். கால் பொசுங்குவதும் தவிர்க்கப்படும். சேர்ந்த கம்பிகளைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம்.

தீபாவளி அந்தப் பணியாளர்களுக்கும் தீபாவளிதான். மறுநாள் வண்டி தாமதமாக வந்தாலோ, ஒரு நாள் வராமல் போனாலோ பொறுத்துக்கொண்டு, மக்காத குப்பையை வீட்டிலேயே வைத்திருங்கள். இனிப்புப் பெட்டிகளும் துணிக்கடைப் பைகளும் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் நாறிவிடாது. சமையலறைக் கழிவை மட்டும் அன்றன்று கொடுத்தால் அவர்களுடைய சுமை பாதியாகக் குறையும்.

மறுமொழி 2 – பூக்கடை நடத்துபவர், பல்லாவரம்

ஆயுத பூசைக் குப்பையைப் பற்றிப் பேசும்போது நடைபாதை வியாபாரிகளைக் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய நிலையையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். வாழைக்கன்றும் சாம்பல் பூசணியும் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பூசை நாள் மாலைக்குமேல் அந்தச் சரக்குக்கு விலையே கிடையாது. திரும்ப ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை சரக்கின் விலையைவிடக் கூடுதலாகிவிடும் என்பதால்தான் அப்படியே விட்டுச் செல்கிறார்கள். விற்பனையைத் தடுப்பதைவிட, விற்காததை ஓரிடத்தில் இறக்கிவைக்க இடம் காட்டுவது நல்லது. எங்கள் பகுதியில் மாடு வளர்ப்பவர்களிடம் முன்னதாகவே சொல்லிவைத்துவிடுகிறோம். அவர்கள் அன்றிரவே வந்து கன்றுகளை எடுத்துச் சென்று, நறுக்கி மாடுகளுக்குப் போடுகிறார்கள். மிஞ்சும் தண்டுகளையும் சாமந்தியையும் உரமாக்கலாம். ஆனால் வாழைத்தண்டில் நீர் மிகுதி. முழுசாகப் போட்டால் அழுகி நாறும். சிறு துண்டுகளாக வெட்டி, காய்ந்த இலைச் சருகோடு அடுக்கடுக்காகப் போட வேண்டும்.

பூசணிக்காய் உடைப்பதைப் பொறுத்தவரை, சாலை நடுவில் உடைப்பதுதான் ஆபத்து. குங்குமம் கலந்த சதையும் விதையும் தார்ச்சாலையில் பரவினால் இருசக்கர வண்டிகள் வழுக்கி விழுகின்றன. எங்கள் கடைவரிசையில் அவரவர் வாசலோரத்தில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் உடைக்கிறோம். திருஷ்டி கழிந்ததும் சாக்கோடு சுருட்டி எடுத்துவிடுகிறோம். உள்ளே வைத்த காசை எடுக்கச் சிறுவர்கள் சாலையில் பாய்வதும் இதனால் நின்றுவிட்டது.

மறுமொழி 3 – மரநடுகைத் தன்னார்வலர்

மரங்களைப் பற்றிய கவலைக்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மரத்தின் உயிரோட்டமான பகுதி பட்டைக்கு அடியில் மெல்லிய படலமாக இருக்கிறது. ஆணி அடிக்கும்போது அந்தப் படலம் கிழிந்து, மழைநீரும் பூஞ்சையும் உள்ளே செல்ல வழி ஏற்படுகிறது. விளக்குச் சரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்தால், தண்டு பருக்கப் பருக்கக் கம்பி சதைக்குள் புதைந்து சத்து கீழிறங்கும் பாதையையே அறுத்துவிடுகிறது. சரம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, பண்டிகை முடிந்ததும் அவிழ்த்துவிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வீட்டு மதிலிலோ மொட்டைமாடியிலோ கட்டினால் இன்னும் நல்லது.

ஆணியைவிடக் கொடியது நெருப்பு. பெருக்கிய பட்டாசுக் காகிதத்தையும் சருகையும் மரத்தின் அடியில் குவித்துக் கொளுத்திவிடும் பழக்கம் நகரெங்கும் இருக்கிறது. போகியன்று காலையிலும் இதே இடத்தில்தான் தீ மூட்டுகிறார்கள். அடித்தண்டின் ஒரு பக்கம் வெந்துவிட்டால், மரம் உடனே சாயாது. பட்டை உரிந்து, உள்ளே உளுத்து, பிறகொரு புயலில் வண்டிகளின்மேல் விழும். அப்போது மரத்தைத்தான் குறைசொல்வோம்.

பருவமழைக் காலம் நடுவதற்கும் உகந்த காலம். ஐப்பசியில் நட்ட கன்று மழையிலேயே வேர்பிடித்து, கோடைக்குள் ஓரளவு தேறிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களில் மயில்கொன்றை, இயல்வாகை போன்று விரைந்து வளர்ந்து எளிதில் சாய்பவை ஏராளம். அவற்றுக்குப் பதிலாகப் புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு, நாவல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தால் அதை உடைத்து, குறைந்தது மூன்றடிச் சதுரமாவது மண் தெரியும்படி விடுங்கள். உங்கள் தெருவில் தேங்கும் தண்ணீரில் ஒரு பகுதி அங்கேயே இறங்கும்.

மீண்டும் கேட்டவர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பிகளுக்கான வாளியையும் இரவிலேயே பெருக்குவதையும் இந்த வாரக் கூட்டத்தில் முன்வைக்கப் போகிறேன். மார்கழி அன்னதானம், போகி ஆகிய இரண்டைப் பற்றியும் ஆய்வாளர் ஐயா சற்றுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 4 – ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர்

பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும் தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. கோயில் நிர்வாகிகளிடம் இதைச் சட்டமாகச் சொல்வதைவிட, மந்தாரை இலைத் தொன்னைக்கு ஆகும் கூடுதல் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தெருவில் பந்தலிட்டு நூறு பேருக்குமேல் கூடும் நிகழ்ச்சியாக இருந்தால், திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி மூன்று வேலைநாள்களுக்கு முன்பே மாநகராட்சிக்குத் தெரிவித்து, கழிவைப் பிரித்துக் கொடுப்பது நடத்துபவர்களின் கடமை. முன்கூட்டித் தெரிவித்தால் கூடுதல் வண்டி கேட்கவும் வழியுண்டு.

போகிக்கு ஒரு வாரம் முன்பே பழைய பொருள்களைச் சேகரிக்கத் தொடங்கிவிடுங்கள். முதல்நாள் இரவு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். உடுத்தக்கூடிய துணி, கிழிந்த துணி, டயர், பாய், மெத்தை என்று தனித்தனியாகக் கட்டிவைத்தால் மாநகராட்சி வண்டி எடுத்துச் செல்லும். வராவிட்டால் 1913 எண்ணில் பதிவு செய்யலாம். மார்கழிக் கடைசி நாளான போகியின் விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்திருப்பதால் புகை மேலெழாமல் தெருவிலேயே தங்கிவிடுகிறது. 2018ஆம் ஆண்டு போகியன்று இப்படித்தான் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானநிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போயிற்று. பழையன கழிக்கும் வழக்கத்தை விடமுடியாத பெரியவர்கள் இருந்தால், காய்ந்த ஓலையும் சிறிது விறகும் மட்டும் வைத்து, கோயில் திடலில் மரங்களுக்குத் தள்ளி ஒரே இடத்தில் மூட்டச் சொல்லுங்கள். டயர் அங்கே வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு இளைஞர்களை நிறுத்தினால் போதும்.