தேரைகளைச் சாலை கடத்திய இரவுகள்: உங்களுக்கு மறக்காதது எது?

வழக்கமான இடம்தான், ஒரு பக்கம் காடு, எதிரே குளம். முட்டையிடக் குளத்துக்குப் போகும் தேரைகள் காரில் அடிபடாமல் இருக்க, அவற்றைத் தூக்கி ரோட்டைக் கடத்திவிடுவோம். குளிர் விட்ட முதல் மழை இரவு, தேரைகள் விழட்டும் என்று வேலியோரம் மண்ணில் புதைத்த வாளிகள் எல்லாம் அவற்றால் நிரம்பிவிட்டன. நடுக்கோட்டின் மேல் ஒரு பெண் தேரை, முதுகில் ஆணைச் சுமந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்து அள்ளினேன். என் விரலை இன்னொரு ஆண் என்று நினைத்ததோ என்னவோ, மேலே இருந்தது பின்னங்காலால் உதைத்துத் தள்ளியது. பிடியை மட்டும் விடவில்லை. அதற்குள் ஒரு கார் வேகம் குறைக்காமல் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால், நாலடி தள்ளி இன்னொரு பெண் தேரை. வயிறு வெடித்து, தார் முழுக்கக் கறுப்பு முட்டைகள். ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

•

எங்கள் பக்கம் மஞ்சள் புள்ளி சாலமாண்டர், பல்லி மாதிரி வாலுள்ள, தவளை இனத்துக்கு உறவான உயிர். புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. போன வருடப் போட்டோவோடு ஒப்பிட்டேன், அதே ஆள்! கை நடுங்கிவிட்டது.

ஆனால் மேலே எழுதியவர் வெறுங்கையால் அள்ளினாரா? தயவுசெய்து வேண்டாம். இவற்றின் தோல் தண்ணீரையும் ரசாயனத்தையும் அப்படியே உறிஞ்சும். சானிடைசர், கிரீம் தடவிய கையால் தொடவே கூடாது. பவுடர் இல்லாத கையுறையை நனைத்துப் போடுங்கள். வேறு குளத்துக்குப் போகும்போது பூட்ஸ், வாளி எல்லாவற்றையும் கழுவிக் காயவையுங்கள், இவற்றைக் கொல்லும் கைட்ரிட் என்ற தோல்நோய்ப் பூஞ்சை ஈரத்தோடுதான் பரவுகிறது. அப்புறம், எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறதோ அந்தப் பக்கமே விடுங்கள். 'நல்ல குளம்' என்று நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரும்பாலும் அவை தாம் பிறந்த குளத்தைத் தேடித்தான் போகின்றன.

•

வெறுங்கை என்று அவர் எங்கே சொன்னார்? கார் வரும்போது கையுறை தேடிக்கொண்டா நிற்பார்?

எனக்கு மறக்காதது ஓர் ஆண் தேரை. அக்கரையில் விட்டேன், திரும்பி ரோட்டுக்கே வந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. மறைப்பில்லாத இடம், பெண் வந்தால் தெரியும் என்று அங்கேயே காத்திருக்கின்றன. எத்தனை முறை தூக்குவது? அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் 1987இலேயே சாலமாண்டர்களுக்காக ரோட்டுக்கு அடியில் சுரங்கவழி போட்டார்கள். நாம் வாளியோடு ஓடுகிறோம், சரி, ஓடத்தான் வேண்டும். கூடவே, இடம்பெயரும் அந்தச் சில வாரங்களுக்காவது இரவில் ரோட்டை மூடச் சொல்லி மனு கொடுப்போம். எந்தெந்த இரவில் எத்தனை கடந்தன, எத்தனை செத்தன என்ற கணக்கு வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கிறேன்.