ஆவணியிலேயே வந்திறங்கிய ஆறுமணிக்குருவி

இலங்கையின் திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். ஆறுமணிக்குருவிகள் வழக்கமாகப் புரட்டாதி, ஐப்பசியில்தான் வந்து சேரும். போன வருடம் ஆவணி பாதிகூட ஆகவில்லை, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் ஓயவில்லை. விடியற்காலையில் விறாந்தை யன்னல் கண்ணாடியில் ஏதோ மோதிய சத்தம். செவ்வரத்தையின் அடியில் ஆறுமணிக்குருவி ஒன்று ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது.

கட்டை வால், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, தோளில் மின்னும் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இடது சிறகு தொங்கியது. துவாயால் மூடித் தூக்கியபோது நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போல விரலில் உறைத்தது. சதையெல்லாம் வழியிலேயே கரைந்திருந்தது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு இரவாகப் பறந்து கடல் தாண்டி வரும் பறவை இது. களைத்து வந்திறங்கும்போது விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

அம்மா செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். "வேண்டாம் அம்மா" என்று தடுத்தேன். முன்பொரு முறை அடிபட்ட மீன்கொத்தி ஒன்றின் அலகைத் திறந்து நானே தண்ணீர் விட்டேன். அது மூச்சுக்குழாய்க்குள் போய், என் உள்ளங்கையிலேயே விறைத்துப்போனது. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. மயங்கிக் கிடக்கும் பறவைக்குப் பாலும் பாணும் தண்ணீரும் புகட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சப்பாத்துப் பெட்டியில் துளையிட்டு, துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, இருண்ட அறையில் வைத்தேன். திறந்து திறந்து பார்க்கக் கூடாது. நம் முகமே அதற்குப் பெரும் பயம். இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் உள்ளே நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. ஆனாலும் சிறகு நிமிரவில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னேன். பிறகு மிருக வைத்தியர் ஒருவர் பார்த்து, எலும்பு முறியவில்லை, வீக்கம்தான் என்றார்.

பக்கத்து வீட்டுச் சிறுவன் கூண்டு கொண்டுவரவா என்று கேட்டான். காட்டுப் பறவையை அடைத்து வளர்ப்பது குற்றம் என்றேன், முகம் வாடிவிட்டது. அது பறந்து வந்த தூரத்தைச் சொன்னதும் வளவெல்லாம் கிளறி மண்புழு தேடிக் கொடுத்தான். பெட்டிக்குள் வைத்ததைக் குருவி தானாகவே கொத்தித் தின்றது.

மூன்றாம் நாள் மைம்மல் பொழுதில், வேம்புகளின் கீழே சருகு அடர்ந்த இடத்தில் பெட்டியைச் சரித்துத் திறந்தோம். இரண்டு தத்து தத்தியது, நின்றது, தாழ்வாகப் பறந்து பற்றைக்குள் மறைந்தது. ஆவணி முதல் ஐப்பசி முடியும்வரை விறாந்தை விளக்கை இப்போது நாங்கள் எரிய விடுவதில்லை.