மணி வீடு இடிப்பு: குடும்பக் குழு

மணி (7:12): சித்தப்பா, மாடி வீட்டை இடிக்க ஆள் பேசியாச்சு. பொக்லைனை விட்டு ரெண்டே நாள்ல தரைமட்டம் ஆக்கிடலாம்ங்கறார். ஆனா கிழக்குப் பக்கம் நம்ம சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டித்தான் நிக்குது.

சித்தப்பா (7:20): ஒட்டின சுவர் இருந்தா மெஷின் கடைசிலதான். அந்தப் பக்கத்தை மேலருந்து கீழ வரைக்கும் கையாலயே பிரிச்சு இடைவெளி விட்டுட்டு அப்புறம் மெஷினைக் கூப்பிடு. நம்ம பீம் முனை அவங்க சுவருக்குள்ள போயிருக்கான்னு பாரு. போயிருந்தா இழுக்கவே கூடாது, சுவர் முகத்தோட அறுத்து முனையை அங்கயே விட்டுரணும். இழுத்தா அவங்க சுவரும் கூட வரும்.

சித்தப்பா (7:22): அவங்க வீட்டு விரிசல் எல்லாத்தையும் இப்பவே போட்டோ எடு. பக்கத்துல ஸ்கேல் வெச்சு, தேதி தெரியுற மாதிரி. இடிச்சப்புறம் வர்ற சண்டையில பாதி இதுலயே தீரும்.

செல்வி அக்கா (7:31): கரண்ட் என்ன பண்ணப்போற?

மணி: மெயின் ஆஃப் பண்ணிடுவோம் அக்கா.

செல்வி அக்கா: பத்தாதுடா. மெயினை அணைச்சாலும் மீட்டர் வரைக்கும் வர்ற ஒயர்ல கரண்ட் இருக்கும். வெளியிலயே துண்டிக்கச் சொல்லி எழுதிக் குடு. மாடியில சோலார் பேனல் இருந்தா வெயில் படுற வரைக்கும் அதுவும் கரண்ட் குடுத்துட்டேதான் இருக்கும், அதைத் தெரிஞ்ச ஆளை வெச்சு முதல்ல கழட்டு. கேஸ் லைன், தண்ணி லைன் ரெண்டுக்கும் மூடி போடணும். ஏசியில இருக்கிற கேஸைச் சும்மா திறந்து விடக் கூடாது, மெக்கானிக் வந்து உறிஞ்சி எடுக்கணும். ட்யூப் லைட்டு உடையாம வரணும், உள்ள பாதரசம் இருக்கு.

பாண்டி (7:40): மாப்ள, மாடி டேங்கைக் காலி பண்ணு. 1000 லிட்டர்னா 1 டன் தலை மேல நிக்குது. கதவு, ஜன்னல், கிரில், ஒயர், பைப்பு எல்லாம் முழுசா கழட்டினப்புறம்தான் சம்மட்டி. கண்ணாடி கலந்த இடிபாட்டை எவனும் வாங்க மாட்டான்.

மணி: வரிசை எப்படி மச்சான்?

பாண்டி (7:46): கட்டின வரிசையைத் தலைகீழாப் போட்டுக்கோ. கைப்பிடிச் சுவர், ஸ்லாப், பீம், அப்புறம் தூண். ஒரு மாடி முழுசா முடியாம கீழ் மாடியில கை வைக்காத. மேல ஆள் உடைக்கும்போது அதே இடத்துக்குக் கீழ ஆள் நிக்கவே கூடாது. படிக்கட்டு அந்தந்த மாடிக்குக் கடைசி, இல்லன்னா இறங்க வழி இருக்காது.

சித்தப்பா (7:52): இந்த வரிசைக்கு ஒரு விதிவிலக்கு, சன்ஷேடு. அது வெளிய தொங்குது. பின்னாடி பிடிச்சு வெச்சிருக்கிறது லிண்டல் (ஜன்னல், வாசலுக்கு மேல குறுக்க ஓடுற கான்கிரீட் பட்டை) மேல இருக்கிற சுவரோட எடைதான். மேல செங்கல்லை எடுக்க எடுக்க அந்தப் பிடி குறையும். ஒரு கட்டத்துல லிண்டலோட சேர்ந்து முன்பக்கமா கவிழ்ந்துரும், கீழ நிக்கிறவனுக்கு நகர நேரம் இருக்காது. அதனால மேல சுவர் முழுசா இருக்கும்போதே சன்ஷேடை உடைச்சு முடி. பால்கனியும் இப்படித்தான். அதை உள் ஸ்லாப் பிடிச்சிருக்கு. முட்டுக் குடுத்துட்டு, வெளி ஓரத்துலருந்து உள்நோக்கி உடைச்சுட்டு வரணும். உள் ஸ்லாப் அதுக்கு அப்புறம்.

சித்தப்பா (7:55): உள் ஸ்லாபை மெயின் கம்பி ஓடுற திசையிலயே பட்டை பட்டையா அறுக்கணும். அப்பத்தான் ஒவ்வொரு பட்டையும் ரெண்டு பக்கமும் பீம் மேல உட்கார்ந்திருக்கும். குறுக்க அறுத்தா கம்பி துண்டாகி மொத்தமா கீழ போகும். அறை சதுரமா இருந்தா கம்பி ரெண்டு பக்கமும் வேலை செய்யும், கீழ முட்டு இல்லாம தொடவே தொடாத.

மணி: உடைச்சதை மாடியிலயே குவிச்சு வெச்சு சாயங்காலம் மொத்தமா தள்ளிடலாமா?

பாண்டி: ஐயோ

சித்தப்பா (8:04): கணக்குப் போட்டுப் பாரு. வீட்டு ஸ்லாப் தன் எடைக்கு மேல சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்குற மாதிரிதான் பெரும்பாலும் போட்டிருப்பாங்க. உதிரி இடிபாடு கன மீட்டருக்கு 1400 கிலோ வரும். 15 செ.மீ. உயரம் பரப்பினாலே 210 கிலோ. அரை அடி குப்பைக்கே அளவு தாண்டியாச்சு, இடுப்பு உயரக் குவியல்னா யோசிச்சுக்கோ. பழைய ஸ்லாப்ல கம்பி துருப்பிடிச்சிருந்தா அந்த 200ம் கிடையாது.

பாண்டி: உடைக்க உடைக்க இறக்கணும் மாப்ள. இடிபாடு சறுக்கி இறங்குற மாதிரி மூடின குழாய்ச் சரிவு வெச்சு, கீழ வாய்க்கு கதவு போட்டு, சுத்தி தடுப்பு கட்டி.

செல்வி அக்கா (8:15): தூசிக்குத் தண்ணி அடிங்க, ஆனா பூவா தெளிக்கிற மாதிரி, உடைக்கிற இடத்துல மட்டும். ஹோஸை வெச்சு ஊத்தினா இடிபாடு தண்ணி குடிச்சு எடை ஏறும், சித்தப்பா கணக்கு இன்னும் மோசமாகும். கான்கிரீட், செங்கல் தூசியில இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது. துண்டு கட்டிக்கிறது எதுக்கும் ஆகாது.

மணி: பின்கட்டுல பழைய சிமெண்ட் ஷீட்டு போட்டிருக்கே, அதைத் தட்டி இறக்கிடலாமா?

செல்வி அக்கா (8:24): தட்டாத! பழைய ஷீட்டுன்னா ஆஸ்பெஸ்டாஸ்னே வெச்சுக்கோ. முழுசா இருக்கிற வரைக்கும் பெருசா ஆபத்தில்ல. உடைஞ்சாலும் கிரைண்டர் பட்டாலும் கண்ணுக்குத் தெரியாத இழை பறக்கும், நோய் 20, 30 வருஷம் கழிச்சுதான் தெரியும். இந்த வேலைக்குப் பழகின ஆளைப் பிடி. வீட்டுல வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இதை எடுக்கணும். நல்லா நனைச்சு, ஷீட்டைப் பிடிச்சிருக்கிற ஜே போல்ட்டை (கொக்கி போல்ட்) நட்டுல கழட்டி (வராட்டி போல்ட்டை மட்டும் கட்டர்ல வெட்டி), ஷீட்டை முழுசா கையில வாங்கி இறக்கணும். மேல ஏறி நடந்தா உடைஞ்சு உள்ள விழுவாங்க, பலகை போடணும். தடிமனான பாலித்தீன்ல ரெண்டு சுத்து சுத்தி, ஒட்டி, மேல எழுதி, அபாயக் கழிவு எடுக்கிற இடத்துக்குத் தனியா அனுப்பு. மத்த இடிபாட்டுல ஒரு துண்டு விழுந்தாலும் மொத்த லோடும் கெட்டுப் போகும்.

மணி: மொத்தம் எத்தனை லோடு வரும்? கீழ் வீடு மட்டும் 1000 சதுர அடி.

சித்தப்பா (8:40): ஸ்லாப் 12 செ.மீ.ன்னா 11 கன மீட்டர், சுமார் 27 டன். 9 அங்குலச் சுவர் 50 மீட்டர் ஓடுதுன்னு வெச்சு, வாசல் ஜன்னல் கழிச்சா 29 கன மீட்டர், 55 டன். தரையும் அதுக்கு அடியில போட்ட கான்கிரீட்டும் 9 கன மீட்டர், 18 டன். ஆக ஒரு மாடிக்கே 100 டன், அஸ்திவாரம் சேர்க்காம. உடைச்சா ஊதும், 49 கன மீட்டர் 70 ஆகும். 6 கன மீட்டர் டிப்பர்ல 12 நடை.

பாண்டி: பாதியை அங்கயே புது வீட்டுத் தரைக்குக் கீழ நிரப்பிடலாமே மாமா?

சித்தப்பா: செங்கல், கான்கிரீட் மட்டும்னா சரி. கைப்பிடி அளவுக்கு உடைச்சு, 20 செ.மீ. அடுக்கா தண்ணி விட்டு அமுக்கணும். மரத்துண்டு இருந்தா மக்கிக் குழி விழும், கரையானும் வரும். ஜிப்சம் சீலிங் துண்டு இருந்தா ஈரத்துல சல்ஃபேட் கசிஞ்சு கான்கிரீட்டை அரிக்கும். புது பீமுக்கும் தூணுக்கும் இந்த ஜல்லி வேண்டாம், பழைய சாந்து ஒட்டியிருக்கிறதால கலவைத் தண்ணியை உறிஞ்சிடும்.

செல்வி அக்கா: பெயின்ட் அடிச்ச பழைய மரத்தை எரிக்காதீங்க, ஈயம் இருக்கலாம்.

மணி: செப்டிக் டேங்க்?

செல்வி அக்கா (8:58): லாரி வெச்சு உறிஞ்சணும். காலியானப்புறமும் யாரும் தலையை உள்ள விடக் கூடாது, விஷவாயு தங்கியிருக்கும். மேல் மூடியை வெளியிலிருந்தே மெஷினால உடைச்சு, அடியில ஓட்டை போட்டு, மணல் நிரப்பு. ஓட்டை போடலன்னா மழைத்தண்ணி அங்கயே நிக்கும்.

பாண்டி (9:03): இன்னொன்னு மாப்ள. சாயங்காலம் வேலையை நிறுத்தும்போது ஒரு சுவரும் தனியா நிக்கக் கூடாது. ஸ்லாப் போன சுவருக்கு மேல பிடி கிடையாது, ராத்திரி காத்துக்கே சாயும். இறக்க முடியலன்னா ரெண்டு பக்கமும் சாய்வு முட்டு.

மணி: சரி மச்சான். மெஷின் ஆளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். நாளைக்கு ஷீட்டு.

சித்தப்பா: சன்ஷேடு எத்தனைன்னு எண்ணிப் போடு.

மணி: மாடியில 4, கீழ 5. ரெண்டு ஷேடு பக்கத்து வீட்டு வழி மேல நீட்டியிருக்கு.

சித்தப்பா: அந்த ரெண்டுக்கும் கீழ முட்டும் பலகையும் கட்டி, வழியை அடைச்சப்புறம்தான் கை வைக்கணும்.