பொங்கல்படி, தீபாவளிச் சீர்: வந்து இறங்கியதில் இன்னும் உறுத்துவது எது?

தாமிரபரணிக்காரி:
படி வருகிற நாளில் மாமியார் வீட்டுத் திண்ணையில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எனக்குத் தலைப்பொங்கல். அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். கரும்புக் கட்டு, மஞ்சள்குலை, வாழைத்தார், பச்சரிசி, வெல்லம், சேனை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு என எல்லாம் முறைப்படி. கடைசியாக வெண்கலப் பானை. அதைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாரோ இல்லையோ, எதிர்வீட்டுப் பெரியம்மாள் எழுந்து வந்து விரல் முட்டியால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். 'ணங்' என்று எழுந்த சத்தம் அடங்க நேரமாயிற்று. அதுவரை யாரும் பேசவில்லை. "வெண்கலம்தான்" என்று என் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள். மாமியார் தலையாட்டினார்.

அப்பா சிரித்துக்கொண்டுதான் நின்றார். தேர்வில் தேறிவிட்ட பையனைப் போல அத்தனை நிம்மதி அந்தச் சிரிப்பில். அவர் கோபப்பட்டிருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

பழம்பாத்திரம்:
சகோதரி, பெரியம்மாள் செய்தது மரியாதைக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் தட்டிப் பார்ப்பதில் விஷயம் இருக்கிறது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலத்தைத் தட்டினால் ஓசை நீண்டு அடங்கும். கோயில் மணியை அதில் வார்ப்பதும் அதற்காகத்தான். பித்தளை சட்டென்று ஓய்ந்துவிடும். வெண்கலத்துக்கு விலை அதிகம் என்பதால் பித்தளையைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

பானை இன்னும் உங்களிடம் இருந்தால் கீழே போட்டுவிடாதீர்கள். பித்தளை நசுங்கும், தட்டி எடுத்துவிடலாம்; வெண்கலம் விரிசல் விடும். பித்தளையில் புளி சேர்த்துச் சமைப்பதாக இருந்தால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச வருகிறவரிடம் வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் நஞ்சு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றவே கூடாது, வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

என் கதையையும் சொல்ல வேண்டும் அல்லவா. எனக்குத் தலைத் தீபாவளிக்கு வந்தது எவர்சில்வர் குடம். அதை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. யாருமே அதன் பக்கம் திரும்பவில்லை. மாமனார் அதன் அருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைத் தாமே தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மதினி:
2023 பொங்கல். அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. காரணம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். விடுதலைப் பத்திரம், கையெழுத்து.

வேலை முடிந்து வரும்போது இருட்டிவிட்டது. கேட்டில் ஒரு முழுக் கரும்பைத் தோகையோடு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. கீழே ஒரு மஞ்சள் பை. பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ. வேறெதுவும் இல்லை.

உள்ளே போனால் சமையல் மேடையில் அதே முழுக் கரும்பு, அதே ஒரு கிலோ அரிசி, அதே ஒரு கிலோ சர்க்கரை. நான் ரேஷன் கடையில் வாங்கி வைத்தது. அந்த ஆண்டு அரசு கொடுத்த பொங்கல் தொகுப்பே அதுதானே, கூட ஆயிரம் ரூபாய். அண்ணன் தன் அட்டைக்குக் கிடைத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். ரூபாயை வைக்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி. அவன் வீட்டில் மறுநாள் எதைப் போட்டுப் பொங்கினார்கள் என்று மதினியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பொட்டலங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். எது நான் வாங்கியது, எது அவன் கொடுத்தது என்று கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரியாமல் போயிற்று.

பட்டாவில்_பெயர்:
மதினி, உங்கள் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா? அதை விட்டுவிட்டுக் கரும்பை மட்டும் சொல்கிறீர்கள்.

எங்கள் அத்தைக்கு ஆண்டுதோறும் கரும்பு வந்தது, அப்பாவுக்கு வயல் வந்தது. அத்தை இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடியும் முறையாகப் போயிற்று. அந்தப் புதுச்சேலையை அப்பா போர்த்தும்போது அத்தை மகன் அவரைப் பார்த்த பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்பது 1989 மார்ச் 25 முதல் சட்டம். ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அதில் இடமில்லை. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்து அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றங்கள் முன்னுக்குப் பின் முரணாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன. உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று, உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கலைக்க முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு கணக்கு: உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு, எழுதிவிட்டால் உயில்படி.

படி வாங்கியதால் பங்கு போய்விடாது. பங்கு கேட்டால் படி நின்றுவிடும் என்றுதான் நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மதினி:
கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் எழுதியது கரும்பைப் பற்றி.

காவிரிக்கரை:
பட்டா அவர்களே, எங்கள் வீட்டில் ஆண்பிள்ளையும் கிடையாது, சொத்தும் கிடையாது. உங்கள் கணக்கில் எங்களை எங்கே வைப்பீர்கள்?

கணுப் பொங்கலன்று காலையில் மஞ்சள் இலையில் கணுப்பிடி வைத்துக் கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம் அல்லவா, அந்த நேரத்தில் புகுந்த வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். யாருக்காக வைக்கிறாள் என்று. அப்பா இருந்தவரை வரிசை தவறாமல் வந்தது. அவர் போன பிறகு வந்த பொங்கலுக்கு இனி வராது என்று எனக்கு முன்பே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

தங்கை ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். காலடியில் பறங்கிக்காய், பின்னால் வாழைத்தார், தோளில் மஞ்சள் கொத்து. கணவரின் பெரியப்பா திண்ணையில் இருந்தார். "பெண்பிள்ளை வரிசை கொண்டுவருவது நம் பக்கத்தில் வழக்கமில்லையே அம்மா" என்றார். நயமாகத்தான் சொன்னார். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அப்படியானால் சற்று அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் மாமா, இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறேன்."

அவர் உண்மையிலேயே திரும்பிக்கொண்டார். வாழைத்தார் உள்ளே போகிற வரைக்கும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது_மாப்பிள்ளை:
ஆண்களும் எழுதலாமா? தலைத் தீபாவளி. விடியவில்லை, தெருவில் அதற்குள் சரவெடி. என்னை மனையில் உட்காரவைத்தார்கள். மாமியார் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தலையில் எண்ணெய் வைக்கக் குனிந்தார். காதில் தோடு இருக்க வேண்டிய இடத்தில் வேப்பங்குச்சி. துளை தூர்ந்துவிடக் கூடாது என்று செருகியது. முந்தின இரவு மாமனார் என் விரலில் போட்ட மோதிரத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

நான் மோதிரம் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம், "நீங்கள் கேட்டீர்களா?" என்றேன். "நாங்கள் எங்கே கேட்டோம்? வழக்கத்தைத்தான் சொன்னோம்" என்றார்.

மோதிரம் பீரோவில் இருக்கிறது. போட்டுக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

மூத்தமருமகள்:
தம்பி, தயவுசெய்து அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். என் கணவர் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான், ஆனால் எல்லோர் முன்னிலையிலும். அப்பா சங்கிலியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இலையில் உட்காராமல் கொல்லைப்புறமாக வெளியே போய்விட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. முதலில் தோடு அடகில் இருக்கிறதா, விற்றாயிற்றா என்று உங்கள் மனைவி மூலமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாமனாரிடம் கேட்காதீர்கள். அடகு என்றால் வட்டி ஏறிக்கொண்டே போகும், ஏலத்துக்குப் போவதற்குள் மீட்கப் பாருங்கள். மீட்கிற பணம் மகள் கையிலிருந்து போகட்டும், உங்கள் கையிலிருந்து வேண்டாம். விற்றுவிட்டார்கள் என்றால் மோதிரத்தை அழித்துத் தோடு செய்யலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். செய்கூலி, சேதாரம் என்று ஒரு பங்கு கரைந்துவிடும். மோதிரம் எங்கே என்று உங்கள் மாமனாரும் தேடுவார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் புதிதாகவே வாங்குங்கள். 916 என்றால் 22 காரட், அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அந்த முத்திரையோடு ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வருமே, அன்று பிள்ளைகள்தான் பெற்றோருக்குச் செய்ய வேண்டும். அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அன்று யாரும் மறுக்கவும் முடியாது.

அப்புறம் உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். வேண்டாம், நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.

சீட்டுக்குலுக்கல்:
எல்லோரும் சேர்ந்து அழவைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் ஒரு தீபாவளிக்குப் புது ஏற்பாடு கொண்டுவந்தார்கள். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிச் சம்படத்தில் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். யாருக்கு யார் என்பது ரகசியம். துணி, இனிப்பு, எவர்சில்வர் மூன்றுக்கும் தடை. அந்தத் தடைதான் உயிர்நாடி. இல்லாவிட்டால் எல்லோரும் டிபன் கேரியரில் போய் நின்றிருப்பார்கள். சித்தப்பாவின் ஊமையாய்க் கிடந்த வானொலியைப் பழுது பார்த்துக் கொடுத்தாள் ஒருத்தி. அத்தை பழைய டைரிகளில் எழுதிவைத்த சமையல் குறிப்புகளை பைண்டு செய்து கொடுத்தான் அவள் மகன்.

தாத்தாவுக்கு ஆச்சியின் பெயரே விழுந்தது. மாற்றித் தரச் சொல்லிப் பார்த்தார், பிள்ளைகள் மசியவில்லை. தீபாவளியன்று ஒரு உறையை நீட்டினார். உள்ளே பொங்கலுக்கு ஆச்சியின் பிறந்த ஊருக்கு இரண்டு ரயில் டிக்கெட். அப்போது 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். இப்போது 60 நாள்தான், இன்றைக்கென்றால் தாத்தாவால் இதைச் செய்திருக்க முடியாது. ஆச்சிக்குப் படி கொண்டுவர அந்தப் பக்கத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சித்தி கண்ணைத் துடைத்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டாள்.

ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு டிக்கெட்டை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். "இரண்டு எதற்கு? உங்களை யார் கூப்பிட்டது?"

கரும்புக்கட்டு:
சிரிப்புக்கு மாறிவிட்டதால் நானும் தைரியமாக எழுதுகிறேன். அப்பா பதினோரு கரும்பைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். "மகள் வீட்டுக்கா?" என்று விசாரித்த பிறகு, டிக்கெட் வேண்டாம், ஒரு கரும்பு போதும் என்று முடித்துக்கொண்டார். மிச்சம் பத்து. சீர் இரட்டைப்படையில் வாசலேறக் கூடாதே என்று அப்பா எங்கள் தெருமுனையில் நின்று ஒரு கரும்பை முழங்காலில் வைத்து உடைத்து, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஒன்பது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என் கணவரின் அண்ணன் மகன். கரும்பைக் கடித்துக்கொண்டே அப்பாவுக்கு முன்னால் வீட்டுக்குள் ஓடிவந்தான். கூடம் நிறைய ஆட்கள். "சித்தியின் அப்பா வழியெல்லாம் கரும்பு விற்றுக்கொண்டு வருகிறார்" என்றான்.

எனக்குக் காலடியில் நிலம் இல்லை. மாமியார் அப்பாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "கரும்பு எவ்வளவுக்குப் போயிற்று சம்பந்தி?" என்று கேட்டார். அப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு விலை சொன்னார். மாமியார் அது அதிகம் என்றார்.